அறியத் துடித்த அரசனும் அறியாமலே போன விற்பனையாளரும்

கொரிந்து நகரிலிருந்து தீப்ஸ் அரண்மனைக்கு ஒரு தூதன் வருகிறான். நல்ல சேதி கொண்டுவந்திருப்பதாகத்தான் அவன் நினைப்பு. கொரிந்து அரசர் பாலிபஸ் மூப்பால் இறந்துவிட்டார். இனி அங்கும் ஈடிபஸே அரசன். தந்தையைக் கொன்று தாயை மணப்பாய் என்ற தெய்வவாக்குக்கு அஞ்சிக் கொரிந்தை விட்டு ஓடிவந்தவன் ஈடிபஸ். தந்தை தானாகவே இறந்ததில் பாதி பயம் தீர்கிறது. தாய் உயிரோடு இருக்கிறாளே? அந்தக் கவலையும் வேண்டாம் என்கிறான் தூதன். அவள் உன்னைப் பெற்றவளே அல்ல. கணுக்கால் துளைக்கப்பட்ட குழந்தையாக உன்னை அவர்களிடம் கொடுத்ததே நான்தான்.

ஆறுதலாகச் சொன்ன வார்த்தை அரசனை வீழ்த்திவிடுகிறது. சோஃபோக்ளிஸின் இந்த நாடகத்தை அடுத்த நூற்றாண்டில் ஆராய்ந்த அரிஸ்டாட்டில், தம் 'கவிதையியல்' நூலில் இதே கட்டத்தை எடுத்துக்காட்டுகிறார். நிலைமை தலைகீழாவதும் நாயகன் உண்மையை உணர்வதும் ஒருங்கே நிகழ்வதுதான் மிகச் சிறந்தது என்பது அவர் முடிவு. அவலநாயகன் அப்பழுக்கற்றவனாகவும் இருக்கக் கூடாது, கயவனாகவும் இருக்கக் கூடாது. பேரும் செல்வமும் பெற்றிருந்தவன் ஏதோ ஒரு பிழையால் வீழ வேண்டும் என்றும் வரையறுத்தார்.

பிற்காலத்தார் அந்த உயர்குடி நிபந்தனையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். என்னை மலைக்க வைப்பது அந்த உணர்தல்தான். ஈடிபஸின் மனைவியும் அவனைப் பெற்றவளுமான ஜொகாஸ்டா முந்திப் புரிந்துகொண்டு, மேலே விசாரிக்காதே என்று கெஞ்சுகிறாள். அந்தக் குழந்தையைத் தூதனிடம் தந்த கிழ மேய்ப்பன் வாய்திறக்க நடுங்குகிறான். ஈடிபஸ் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தன்னை அழிக்கப்போகும் உண்மையை மேய்ப்பனை மிரட்டிக் கேட்டு வாங்குகிறான். உண்மைத் தந்தையை அவன் கொன்றதும் தாயை மணந்ததும் எப்போதோ நடந்து முடிந்தவை. மேடையில் நடப்பதெல்லாம் அவனே விரும்பி நடத்தும் விசாரணை.

1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளரின் மரணம்' அரங்கேறியது. நாயகன் வில்லி லோமனுக்கு வயது 63. ஊர் ஊராகக் காரில் போய்ச் சரக்கு விற்பவர். சம்பளம் நின்று, கமிஷனை மட்டும் நம்பி ஓடுபவர். கடைசியில் அந்த வேலையும் போகிறது. இவரையா அவலநாயகன் என்பது? அதே மாதம் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில் மில்லர் வாதாடினார்: உயர்ந்த அவலத்துக்கு அரசர்களைப் போலவே எளியவனும் உரியவன்; தன் கண்ணியத்தைக் காக்க உயிரையும் கொடுக்கத் துணிபவனைக் காணும்போது அவல உணர்வு நமக்குள் எழுகிறது.

குலத்தைப் பற்றிய வாதத்தில் மில்லர் வென்றுவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். உணர்தலைப் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதில் தீராது. நாலு பேருக்குப் பிடித்தவனாக இருந்தால் போதும், வாழ்க்கையில் ஜெயித்துவிடலாம் என்பது வில்லியின் நம்பிக்கை. நாம் இருவருமே சாதாரண ஆட்கள்தான், அந்தக் கனவை விட்டுவிடுங்கள் என்று மூத்த மகன் பிஃப் அழுதுகொண்டே மன்றாடுகிறான். வில்லிக்கு அந்த அழுகை மட்டும்தான் கேட்கிறது. மகனுக்குத் தன் மேல் பாசம் இருக்கிறது என்று பூரித்துப்போய், இருபதாயிரம் டாலர் காப்பீட்டுப் பணம் அவனை உயர்த்திவிடும் என்று நம்பிக் காரை வேகமாக ஓட்டிச்சென்று உயிரை விடுகிறார்.

வில்லி கடைசிவரை தன்னை அறியவேயில்லை; அதனால் அவர் அவலநாயகன் ஆகமாட்டார் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதல்ல. மில்லர் அந்த உணர்தலை அழித்துவிடவில்லை. தகப்பனிடமிருந்து எடுத்து மகனிடம் கொடுத்திருக்கிறார். அப்பாவின் கனவுகள் தவறானவை, தான் யாரென்றே அவர் அறியவில்லை என்று கல்லறையருகே பிஃப் சொல்கிறான். ஈடிபஸின் தீப்ஸ் நகரைப் பீடித்த கொள்ளைநோய் தீர, உண்மையை வெளிக்கொணர்ந்து கொலையாளியை நகரைவிட்டு விலக்கினால் போதும். இங்கோ, பிஃப் பேசிய பிறகும் இளைய மகன் ஹாப்பி அதே நியூயார்க்கில் தங்கி, அப்பாவின் கனவை ஜெயித்துக் காட்டுவேன் என்கிறான்.