அரைஞாணும் இருதயமும்

இருதய நோய் பருத்த உடலினர்க்கே வரும் என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் எடை நடுத்தரந்தான். ஆயினும், செந்தூலில் ஒரு கிளினிக்கில் டாக்டர் நாடாவால் என் இடுப்பை அளந்தபோது 96 செண்டிமீட்டர் இருந்தது. "அரைஞாண் கயிற்றை எத்தனை முறை தளர்த்தினீர்கள், ஐயா?" என்று கேட்டார். விடை சொல்ல நாணினேன்.

இவ்வுண்மை புதியதன்று. சிங்கப்பூரில் இறந்தோரின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்த டாக்டர் தனராஜ் குழுவினர், இருதயக் குழாய் நோய் சீனரைவிட இந்தியரிடையே பன்மடங்கு மிகுந்திருந்ததை 1959-இல் எடுத்துக்காட்டினர். அவரே பின்னர் மலாயாப் பல்கலைக் கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவரானார். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியரில் வயது வந்தோருள் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் காணப்பட்டது. இந்தியரிலோ 31 பேருக்கு!

காரணம் யாது? தென்னாசிய மக்களுக்குக் கொழுப்பு வயிற்றினுள்ளே, குடலையும் ஈரலையும் சூழ்ந்து சேர்வது அதிகம். அது சும்மா இருப்பதில்லை. இன்சுலினின் ஆற்றலை மந்தப்படுத்துகிறது. அதனால் இரத்தத்தில் சீனி ஏறுகிறது; டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுகிறது; நல்ல கொழுப்பு குறைகிறது; இரத்த அழுத்தம் உயர்கிறது. பருத்த இடுப்போடு இந்நான்கையும் சேர்த்த ஐந்தில் மூன்று ஒருவரிடம் கூடினால், அதனை வளர்சிதை மாற்றக் கூட்டுநோய் என்பர். தனித்தனியே சிறியவையாகத் தோன்றினும், கூடினால் இருதயத்துக்கே கேடு.

வாழ்க்கை மாற்றமும் இதற்குத் துணை போயிற்று. நம் பாட்டனார் செந்தூல் இரயில்வே பட்டறையில் இரும்படித்தனர். தோட்டங்களில் விடியுமுன்னே பால்மரம் வெட்டி வாளி சுமந்தனர். அவர்கள் உண்ட சோறு வியர்வையாயிற்று. இன்று அவ்வுழைப்பு போயிற்று, சோற்றளவு போகவில்லை. ரொட்டி சானாயும், கெட்டிப் பால் ஊற்றிய தே தாரிக்கும் அதனோடு சேர்ந்துகொண்டன.

ஆசிரிய நண்பர்களே, நம்மவருள் ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 செண்டிமீட்டரே இடுப்பின் எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளத்தல் வேண்டும். எல்லையைத் தாண்டியவர் இரத்தத்தையும் சோதித்துக்கொள்வது நலம்.

நான் மாலைதோறும் நடக்கிறேன். 'தே ஓ கோசோங்' குடிக்கிறேன். ஆறு மாதத்தில் 5 செண்டிமீட்டர் குறைந்தது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குத் தையல் நாடா ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். மாணவர்க்கு உடல் நலம் போதிக்கும் நாம், முதலில் நம் இடுப்பை அளப்போம்.