டிபிஐ-க்குக் காசு கொடுக்காதீங்க: ஷூட்டர் கேமுக்கு எந்த மவுஸ்?

கேமிங் மவுஸ் பெட்டி மேல பெரிய எழுத்தில் இருப்பது ஒரு எண்: 26,000 டிபிஐ, 30,000 டிபிஐ என்று. ஆனால் கவுன்டர்-ஸ்ட்ரைக், வேலரன்ட் போன்ற கேம்களைப் போட்டிகளில் ஆடுபவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது 400, 800 அல்லது 1600. ஏன் அப்படி? ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரிந்துவிடும்.

மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கணினிக்கு எத்தனை சிக்னல் போகிறது என்பதுதான் டிபிஐ. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் சென்சிட்டிவிட்டியை 1 என்று வைத்தால், ஒரு சிக்னலுக்கு உங்கள் பார்வை 0.022 டிகிரி திரும்பும். முழுசா ஒரு சுற்று சுற்ற சுமார் 16,364 சிக்னல் வேணும். 800 டிபிஐ-யில் அதற்கு மவுஸை ஏறத்தாழ 52 செ.மீ. நகர்த்தணும். 400 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 2 என்றாலும் அதே 52 செ.மீ.தான். ஆக, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் உண்மையான வேகம். 26,000 டிபிஐ-க்குப் போய் சென்சிட்டிவிட்டியை 1-லேயே விட்டால், 1.6 செ.மீ. நகர்த்தினாலே முழுச் சுற்று. அதை வைத்துக்கொண்டு எதிரியின் தலையைக் குறி பார்க்க முடியுமா?

சரி, அப்போ எதைத்தான் பார்க்கிறது? அந்த 52 செ.மீ.-யிலேயே பதில் இருக்கு. பின்னால் திரும்பவே 26 செ.மீ. ஆகும். அதனால் மணிக்கட்டு மட்டும் போதாது, முழங்கையோடு சேர்த்து இழுக்கணும். இடம் தீர்ந்தால் மவுஸைத் தூக்கி நடுவில் வைக்கணும். ஒரு மேட்சில் இதையே நூற்றுக்கணக்கான தடவை செய்வீங்க.

இங்கேதான் எடை முக்கியமாகிறது. 2020-இல் வந்த லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் வயர் இல்லாமலே 63 கிராமுக்குள் இருந்தது. 100 கிராம் மவுஸோடு ஒப்பிட்டால், தூக்கும்போதும் சட்டென்று நிறுத்தும்போதும் கைக்கு வித்தியாசம் தெரியும். அடுத்து, தூக்கியதும் சென்சார் சீக்கிரம் வாசிப்பதை நிறுத்தணும். ஒன்றிரண்டு மி.மீ. உயரத்திலேயே நிறுத்தினால் குறி அலையாது.

எல்லாவற்றையும் விட முக்கியம் வடிவம். உள்ளங்கை முழுக்க மவுஸ் மேல் படிய வைத்துப் பிடிப்பவருக்கு, ரேசர் டெத்ஆடர் மாதிரி வலதுகைக்கென்றே வளைத்துச் செய்த பெரிய மவுஸ் சௌகரியம். விரல் நுனியால் மட்டும் பிடிப்பவருக்கு அது பாரம். சின்னது, உயரம் குறைந்ததுதான் சரிப்படும். இதை எந்த விமர்சனமும் உங்களுக்காகச் சொல்லிவிட முடியாது. உங்கள் கையை அளந்து பாருங்க. முடிந்தால் கடையில் பிடித்தும் பாருங்க.

8000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட்? 1000 ஹெர்ட்ஸ் மவுஸ் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தகவல் அனுப்பும். 8000 என்றால் 0.125 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. மிச்சமாவது 1 மில்லிசெகண்டுக்கும் குறைவு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃப்ரேமுக்கே 16.7 மில்லிசெகண்ட் ஆகுது. மானிட்டரை மாற்றாமல் இதற்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

கையில் இருக்கிற பணம் குறைவு என்றால் வரிசை இதுதான்: முதலில் கைக்குப் பொருந்தும், எடை குறைந்த ஒரு சாதாரண மவுஸ். அடுத்து, 40 செ.மீ.-க்கு மேல் அகலமான துணி பேட். மிச்சப் பணத்தை மானிட்டருக்குச் சேர்த்து வையுங்க. அப்புறம் சென்சிட்டிவிட்டியை ஒரு இடத்தில் நிறுத்தி, சில வாரம் அதைத் தொடாமலே ஆடுங்க. கைக்குப் பழக்கம் வர அதுதான் வழி.