இலகு உலோகக்கலவைச் சக்கரம்

இலகு உலோகக்கலவைச் சக்கரம் அல்லது அலாய் வீல் என்பது அலுமினியம் அல்லது மக்னீசியக் கலவையால் செய்யப்படும் வாகனச் சக்கரம் ஆகும். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தின் காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களில் இதன் பயன் நன்கு தெரியும். சக்கரத்தின் எடை குறைந்தால் கார் விரைவில் வேகம் பிடிக்கும். பிரேக்கும் எளிதில் பிடிக்கும்.

பொருத்தம்

மாற்றுச் சக்கரத்தில் நான்கு அளவுகளைச் சரிபார்க்க வேண்டும்.

- போல்ட் வட்டம்: 4×100 என்பது 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் 4 போல்ட்டுகளைக் குறிக்கும். 4×98 சக்கரம் 2 மி.மீ. மட்டுமே வேறுபட்டாலும் சரியாக உட்காராது. ஓட்டத்தில் போல்ட் தளரலாம்.
- மையத் துளை: ஹப்புடன் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் அதிர்வு உண்டாகும்.
- ஆஃப்செட்: மாறினால் டயர் மட்கார்டில் உரசக்கூடும்.
- சுமைத்திறன்: அச்சின் உச்சச் சுமை 800 கிலோ எனில், ஒவ்வொரு சக்கரமும் குறைந்தது 400 கிலோ தாங்க வேண்டும்.

சுமைத்திறன் குறைந்த சக்கரம், எவ்வளவு இலகுவாயினும், குழிகள் உள்ள சாலையில் விரிசல் காணலாம்.