கிளானாட்

கிளானாட் என்பது அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஒரு குடும்ப இசைக்குழு ஆகும். இது 1970 ஆம் ஆண்டு, டொனகல் மாவட்டத்தில் உள்ள குவீடோர் என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. கெல்டிய மரபைச் சேர்ந்த ஐரிய மொழி நாட்டார் பாடல்களை ஜாஸ், ராக், மின்னணு இசை முதலியவற்றுடன் இணைத்துப் பாடியமைக்காக இக்குழு அறியப்படுகிறது.

பெயர்க்காரணம்

"டோர் ஊரின் குடும்பம்" எனப் பொருள்படும் ஐரிய மொழித் தொடரின் சுருக்கமே கிளானாட் என்பதாகும்.

மொழிப் பின்னணி

அயர்லாந்தின் அரசியலமைப்புச் சட்டப்படி ஐரிய மொழியே அந்நாட்டின் முதல் ஆட்சி மொழி. ஆயினும் மக்களுள் பெரும்பாலோர் அன்றாடம் பேசுவது ஆங்கிலமே. பெரும்பாலும் மேற்குக் கரையோரப் பகுதிகள் சிலவற்றில்தான் ஐரியம் வீட்டுமொழியாக நிலைத்துள்ளது. குவீடோர் அவற்றுள் ஒன்று. எனவே இக்குழுவினர் ஐரிய மொழியில் பாடியது பழமையின் மீதுள்ள ஆர்வத்தால் மட்டுமன்று. அது அவர்களுடைய தாய்மொழியும் ஆகும்.

தோற்றம்

தந்தை லியோ பிரென்னன் நடன இசைக்குழு ஒன்றை நடத்தியவர். தாயார் இசை ஆசிரியர். லியோ தொடங்கிய மதுவகத்தில் அவர்களுடைய பிள்ளைகள் வாடிக்கையாளர்களுக்காகப் பாடி வந்தனர். மோயா, கியரான், போல் ஆகிய மூவரும், அவர்களுடைய தாய்மாமன்மாரான நோயல், பாட்ரிக் டக்கன் என்னும் இரட்டையரும் சேர்ந்து குழுவை அமைத்தனர். மாமன்மார் மோயாவைவிட ஏறத்தாழ மூன்று வயதே மூத்தவர்கள். தங்கை என்யா 1980 முதல் 1982 வரை இக்குழுவில் இருந்தார். பின்னர் தனிப்பாடகராகப் பெரும்புகழ் பெற்றார்.

முதல் இசைத்தொகுப்பு 1973 இல் வெளியானது. 1976 இல் வெளியான டூலமான் என்னும் தொகுப்பின் பெயர், உண்ணத்தக்க ஒரு கடற்பாசியைக் குறிக்கும்.

இசைமுறை

ஐரிய மரபில் பழைய பாடல்கள் பெரும்பாலும் பக்கவாத்தியம் இன்றி ஒருவரால் பாடப்படுபவை. அணிநயங்கள் யாவும் அந்த ஒற்றைக் குரலிலேயே அமையும். கிளானாட் குழுவினர் அதே பாடல்களுக்குப் பல குரல்கள் ஒத்திசைக்கும் முறையைச் சேர்த்தனர். மோயா ஐரிய யாழ் மீட்டினார். கியரான் டபுள் பேஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியை இசைத்து, அடித்தளத்திற்கு ஜாஸ் சாயலை அளித்தார். போல் குழல் வாசித்தார். மாமன்மார் கிட்டாரும் மாண்டலினும் இசைத்தனர். மேடையில் ஒரு நாட்டுப்பாடலின் இடையே, ஜாஸ் கலைஞர்களைப் போன்று நெடுநேரம் கற்பனையாக வாசிப்பதும் இவர்கள் வழக்கம்.

1982 இல் வட அயர்லாந்துப் பூசலைப் பற்றிய "ஹாரிஸ் கேம்" என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகத்துக்கு இவர்கள் பாடல் அமைத்தனர். மனிதக் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்து, சின்தசைசர் ஒலியுடன் கலந்தனர். யாவும் ஒரு நாள் மறையும் என்னும் கருத்துடைய அப்பாடல், பிரித்தானிய விற்பனை வரிசையில் ஐந்தாம் இடத்தை அடைந்தது. ஐரிய மொழிப் பாடல் ஒன்று அவ்வரிசையில் இந்த உயரத்தை எட்டியது அதுவே முதன்முறை. தாய்மொழியைக் கைவிடாமலேயே பிறமொழியாளரைச் சென்றடைய முடியும் என்பதை இது காட்டியது.

பிற்காலத்தில் இவர்கள் வேறு மக்களின் வரலாற்றையும் பாடினர். "தி லாஸ்ட் ஆஃப் தி மோஹிகன்ஸ்" (1992) திரைப்படத்திற்கான பாடலில் ஆங்கிலத்துடன் அமெரிக்கத் தொல்குடி மொழிகளும் இடம்பெற்றன. லோர் (1996) தொகுப்பிலுள்ள ஒரு பாடல், செரோக்கி மக்கள் 1838-39 ஆண்டுகளில் தம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டதைக் குறித்தது. தம் மொழியும் நிலமும் சுருங்கக் கண்ட ஒரு மக்களிடமிருந்து இப்பாடல்கள் வந்தமை குறிப்பிடத்தக்கது.

விருதுகள்

- "ஹாரிஸ் கேம்" பாடலுக்காக ஐவர் நொவெல்லோ விருது
- "ராபின் ஆஃப் ஷெர்வுட்" தொலைக்காட்சித் தொடரின் இசைக்காக பாஃப்டா விருது (1985)
- லேண்ட்மார்க்ஸ் தொகுப்புக்காக கிராமி விருது (1999)
- பிபிசி வானொலி 2 நாட்டார் இசை விருதுகளில் வாழ்நாள் சாதனையாளர் விருது (2014)

பிற்காலம்

நாடூர் என்னும் தொகுப்பு 2013 இல் வெளியானது. இரட்டையருள் பாட்ரிக் 2016 இலும் நோயல் 2022 இலும் காலமானார்கள். 2020 இல் தொடங்கிய விடைபெறும் இசைப்பயணம் கோவிட் பெருந்தொற்றால் தடைப்பட்டுப் பின்னர் தொடர்ந்தது.