நகரத்துச் சிறகுகள் – 14: தொட்டித் தண்ணீருக்கு வரும் விருந்தாளிகள்

பெருங்குடியில் பறவை என்றதும் எல்லோரும் பள்ளிக்கரணைப் பக்கம்தான் திரும்புவார்கள். நியாயம்தான். 2022-இல், ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த சதுப்புநிலம் அது. பூநாரையையும் கூழைக்கடாவையும் படமெடுக்க, நீண்ட லென்ஸ்களோடு சாலையோரத்தில் ஆட்கள் நிற்பதைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இந்த வாரம் அங்கே போக வேண்டாம். நாலு தெரு தள்ளி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தோட்டத்தில் இருக்கும் சின்ன நீரூற்றின் பக்கத்தில் உட்காருவோம்.

இவ்வளவு பெரிய சதுப்புநிலம் பக்கத்தில் இருக்கும்போது தொட்டித் தண்ணீர் எதற்கு என்று கேட்கலாம். கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் திறந்த சதுப்பில் இறங்கித் திரிகிற பறவைகள் அல்ல. மரமும் புதரும்தான் அவற்றின் வீடு. தண்ணீரும் அந்த நிழலுக்குள்ளேயே கிடைக்க வேண்டும். முன்பு கிணற்றடியில் தேங்கியது, வாழை மரத்தடிக்கு ஓடிய சமையலறைத் தண்ணீர் என்று ஏதாவது கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது எல்லாம் குழாய்க்குள் போய்விட்டது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். அந்த மூச்சோடு உடம்பின் ஈரமும் போய்விடும்.

நம் தோட்டத்து நீரூற்று பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை: அகன்ற சிமெண்ட் தொட்டி, மீன்தொட்டிக்குப் போடும் சின்ன மோட்டார், நடுவில் ஒரு கல். தண்ணீர் சொட்டும் சத்தமே பறவைகளைக் கூப்பிட்டுவிடும்.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத்தான் வரும். மற்றவை முங்கி எழும்போது ஒன்று மட்டும் கிளையில் காவல் இருக்கும். அது குரல் கொடுத்தால் தொட்டி நொடியில் காலியாகிவிடும். மேலே வல்லூறு சுற்றுகிறதா என்று பாருங்கள். காகம் எங்கிருந்தோ கொண்டுவந்த காய்ந்த ரொட்டியை ஊறவைத்துத் தின்னும். மைனா ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கித் தண்ணீரை உள்ளே இறக்க, புள்ளிப்புறா அலகை அமிழ்த்தியபடியே உறிஞ்சும். புறா இனத்துக்கு இது எப்படி வாய்த்தது என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். தேன்சிட்டு தொட்டிக்குள் இறங்குவதே இல்லை. சாரல் பட்டு நனைந்த கல்வாழை இலையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே சறுக்கி வரும். அதுதான் அதன் குளியல்.

அக்டோபர் பிறந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வலசை வழியில் ஆறுமணிக்குருவியும் அரசவால் ஈப்பிடிப்பானும் சென்னைத் தோட்டங்களில் தங்கிப் போகும் காலம் அது.

படமெடுப்பவர்களுக்கு மயிலாப்பூர்வாசி மா. கிருஷ்ணனை நினைவூட்ட விரும்புகிறேன். 1950 முதல் 1996-இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கையைப் பற்றித் தொடர் எழுதியவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டவர். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டருகே திரியும் சாதாரணப் பறவைகளைப் பற்றியும் எழுதினார். அந்தப் பொறுமை இருந்தால் விலையுயர்ந்த லென்ஸ் இல்லாமலே நல்ல படம் கிடைக்கும். காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். தொட்டியின் விளிம்பு உயரத்துக்குக் கேமராவை இறக்குங்கள். சிதறும் துளிகள் அப்படியே உறைந்து நிற்க, ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம். ஃபோனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம், அது ஏமாற்று. தாகத்தோடு வந்த பறவை நம்மைக் கண்டு குடிக்காமல் திரும்பினால், அந்தப் படம் தேவையே இல்லை.

நீரூற்று வைக்கலாம் என்றால் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி கொசு. நியாயமான கவலைதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் பெருகும். முட்டையைத் தொட்டியின் சுவரில் ஒட்டிவைக்கும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு முறை தேய்த்தால் கொசு வளர வழியில்லை. கொட்டும் தண்ணீர் செடிக்குப் போகட்டும். லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் ஒரு வாளிகூட வீணாகக்கூடாது.

ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். வழுக்காமல் நிற்கச் சொரசொரப்பான கல் ஒன்றைப் போடுங்கள். பூனை பதுங்கும் புதரிலிருந்து தள்ளி வையுங்கள். மோட்டார் வாங்க வசதியில்லையென்றால் பால்கனியில் ஒரு மண்சட்டி போதும். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அப்போது கால் மணி நேரம் தொட்டியருகே உட்கார்ந்து, வந்த பறவைகளை எண்ணி, இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். காகமும் மைனாவும்தானே என்று விட்டுவிடாதீர்கள், அவற்றையும் எழுதுங்கள்.