ஏழே காலுக்கு வந்த டெல்லி

தலைநகரிலிருந்து தமிழில் செய்தி வாசித்த குரல்கள் ஓய்ந்துவிட்டன. பத்தே நிமிடத்தில் உலகத்தைச் சொல்லி முடித்த அந்தத் தொழிலில் அப்படி என்ன இருந்தது?

காலை மணி 7.15. கடிகாரம் இல்லாத வீட்டிலும் ஒரு காலத்தில் இந்த நேரம் மட்டும் பிசகாது. டீக்கடையிலிருந்தோ பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்தோ அந்தக் குரல் வந்துவிடும்: “ஆகாசவாணி. செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி.” அதற்குள் குளித்துத் தலை வாரியிருக்க வேண்டும், செய்தி முடிவதற்குள் இட்லி தட்டு காலியாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் குரல் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவில்லை. டெல்லி பாராளுமன்றத் தெருவில் இருக்கும் ஒலிபரப்பு மாளிகையிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் கோடிக்கணக்கானோர் தினமும் கேட்ட தமிழ், குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு ஒருவர் ஹிந்தி பேசும் ஊரில் உட்கார்ந்து எழுதிய தமிழ்.

இந்திய வானொலிக்கு உருவம் கொடுத்தவர் லண்டனிலிருந்து வந்தவர். 1935-ல் பி.பி.சி.யிலிருந்து லயனல் ஃபீல்டன் இங்கே அனுப்பப்பட்டார். ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயர் 1936-ல் வந்தது. காலையில் நிலையம் திறக்கும்போது ஒலிக்கும் அந்த முகப்பு இசைகூட, ஐரோப்பாவிலிருந்து இங்கு வந்து சேர்ந்த வால்டர் காஃப்மன் அமைத்ததுதான்.

ஆனால் லண்டன் பாணி அப்படியே இங்கு செல்லுபடியாகவில்லை. பிரிட்டனில் 1967-ல் தொடங்கிய பி.பி.சி. ரேடியோ 4 விடிந்தது முதல் நள்ளிரவு தாண்டும்வரை பேச்சையே நம்பி நடக்கிறது: காலைச் செய்தி அலசல், பெண்கள் நேரம், நாடகம், கடலோடிகளுக்கான வானிலை அறிக்கை. விவசாயிகளுக்கு யோசனை சொல்லவே பிறந்த ‘ஆர்ச்சர்ஸ்’ தொடர், 1951 முதல் நாடு முழுவதும் ஒலிக்கிறது. ஒரே தேசம், ஒரே மொழி.

இங்கோ விவசாய நிகழ்ச்சி என்றால் அது அந்தந்த வட்டாரப் பேச்சில்தான் இருக்க முடியும். 1960-களில் திருச்சி வானொலி விடாமல் எடுத்துச் சொன்னதால் தஞ்சை வயல்களில் பரவிய ஏ.டி.டி. 27 ரகத்துக்கு விவசாயிகளே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்தார்கள். தேசம் முழுவதற்கும் பொதுவாக மிஞ்சியது செய்திதான். அதையும் ஒரே மொழியில் சொல்ல முடியாது. 6.55-க்கு சமஸ்கிருதம், 7.15-க்குத் தமிழ் என்று ஒரே செய்தி காலை முழுக்க வேறு வேறு மொழிகளில் உடை மாற்றிக்கொண்டே இருந்தது.

காதுக்கு எழுதும் தமிழ்

இந்த உடை மாற்றுகிறவரின் பதவிப் பெயர், ‘செய்தி வாசிப்பாளர் மற்றும் மொழிபெயர்ப்பாளர்’. பொதுச் செய்தி அறையிலிருந்து ஆங்கிலப் பிரதி வரும். அதைத் தமிழாக்கி, வரிசைப்படுத்தி, ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் புழங்குகிறவர்களுக்குத்தான் இதன் சிரமம் புரியும். ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும். தமிழில் கடைசியில் வரும். நாலு வரி வாக்கியத்தை அப்படியே பெயர்த்தால், அமைச்சர் ஒப்புக்கொண்டாரா மறுத்தாரா என்று தெரிவதற்குள் கேட்பவர் ஆரம்பத்தை மறந்திருப்பார். பத்திரிகை வாசகர் திரும்பப் படித்துக்கொள்ளலாம். வானொலி நேயருக்கு அந்த வசதி கிடையாது. எனவே ஒரு வாக்கியம் இரண்டாகும், மூன்றாகும். ‘மேற்கண்ட’, ‘கீழ்க்கண்ட’ போன்ற சொற்களுக்கு வேலையே இல்லை. காதுக்கு ஏது மேல், கீழ்? மில்லியன் பத்து லட்சமாகும். அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒன்று வாக்கியத்துக்குள் வர வேண்டும், அல்லது போய்விட வேண்டும்.

நெல்லைக்காரருக்கும் கோவைக்காரருக்கும் ஒன்றாகப் புரிய வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. ‘ஆகாசவாணி’ என்ற பெயருக்கே தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்ததுண்டு. அப்படியிருக்க, எந்தச் சொல் தமிழ், எது வடமொழி என்ற வழக்கு ஒவ்வொரு காலையிலும் தீர்க்கப்பட வேண்டியிருந்தது.

இந்த மேசையில்தான், பின்னாளில் நாடக மேடையிலும் திரையிலும் புகழ்பெற்ற பூர்ணம் விஸ்வநாதன் உட்கார்ந்தார். 1947-ல் சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் அவர். சரோஜ் நாராயணஸ்வாமி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாசித்தார். 2022 ஆகஸ்டில் மும்பையில் அவர் மறைந்தபோது, முகம் அறியாத ஒருவருக்காகப் பலர் வருந்தினார்கள்.

நம்பிக்கையும் தாமதமும்

குரலில் நம்பிக்கை இருந்தது. ஆனால் பிரதியை எழுதியது அரசாங்கம். 1984 அக்டோபர் 31 அன்று காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதை பி.பி.சி. முன்பே சொல்லிவிட்டது; ஆகாசவாணி மாலையில்தான் அறிவித்தது. இலங்கைப் பிரச்னை கொழுந்துவிட்டு எரிந்த ஆண்டுகளில் தமிழ் நேயர்கள் இரவில் சிற்றலையைத் திருகி லண்டன் தமிழோசையைத் தேடியதும் இதனால்தான். 1997-ல் பிரசார் பாரதி வந்து, சட்டப்படி வானொலி தன்னாட்சி பெற்றது. ஆனால் இரண்டு குரல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி போய்விட்டது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-உடன் நின்றது.

டெல்லியும் மாறிவிட்டது. தமிழ், மலையாளம் உள்ளிட்ட சில மொழிகளின் செய்திப் பிரிவுகள் 2010-களின் பின்பகுதியில் அந்தந்த மாநிலத் தலைநகரங்களுக்கு நகர்ந்தன. தமிழ்ச் செய்தியைத் தமிழ்நாட்டிலேயே தயாரிப்பதுதானே நியாயம் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆட்கள் கிடைப்பார்கள், செலவு குறையும். ஆனால் நாடாளுமன்றத்துக்கு நடந்து போகும் தூரத்தில், தினமும் தமிழில் யோசித்து எழுதிய ஓர் அரசு அலுவலகம் இல்லாமல் போனது. மத்திய அரசு சொல்வதைத் தமிழாக்கும் வேலை, அது சொல்லப்படும் இடத்திலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

இதை வெறும் பழைய நினைவு என்று ஒதுக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க இன்றும் அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். பண்பலைப் பெட்டியில் எந்த எண்ணைத் திருகினாலும், செய்தி என்று வந்தால் அது ஒரே இடத்துச் சரக்கு. அப்படியானால் அதைத் தமிழில் தருபவரின் பொறுப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

தொலைக்காட்சியில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, அந்தப் பத்து நிமிடம் நினைவுக்கு வருகிறது. அதில் ஒருவர் மட்டுமே பேசினார். நிறுத்தி, நிதானமாக, வினைச்சொல்லை விழுங்காமல். அவர் சொன்னதை ஏற்பதா வேண்டாமா என்று கேட்டவர் யோசிக்க நேரம் இருந்தது.