நிரையை நிரலாக்கும் வேலை

1978 ஜூனில் அமெரிக்கா ஏவிய ‘சீசாட்’ செயற்கைக்கோள், 800 கி.மீ. உயரத்திலிருந்து ரேடார் அலைகளால் கடலைப் படம்பிடித்தது. இரவும் மேகமும் அதற்குத் தடையில்லை. ஆனால் தரைக்கு வந்து சேர்ந்தது படமல்ல, எதிரொலிகளின் குவியல். கனடாவின் எம்.டி.ஏ. நிறுவனம் அதைக் கணினியில் படமாக்கியபோது, பக்கத்துக்கு 40 கி.மீ. கொண்ட ஒரு சதுரத்துக்கே 40 மணி நேரம் பிடித்தது. செயற்கைக்கோளோ அந்தத் தூரத்தை ஆறே வினாடிகளில் கடந்துவிடும்.

ஏன் இவ்வளவு கணக்கு? சீசாட்டின் ஆண்டெனா நீளம் 10.7 மீட்டர், அலைநீளம் 23.5 செ.மீ. அந்த அலைக்கற்றை தரையைத் தொடும்போது சுமார் 18 கி.மீ. அகலத்துக்கு விரிந்துவிடும். அதற்குள் எது கப்பல், எது கரை என்று பிரிக்க முடியாது. ஆனால் செயற்கைக்கோள் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரே கப்பல் ஆயிரக்கணக்கான துடிப்புகளுக்கு எதிரொலி தருகிறது. நெருங்கும்போது அதிர்வெண் சற்றுக் கூடும், விலகும்போது குறையும். இந்த டாப்ளர் மாற்றத்தைக் கொண்டு எதிரொலிகளை ஒன்றுசேர்த்தால், பல கிலோமீட்டர் நீள ஆண்டெனா தரக்கூடிய நுணுக்கம் கிடைத்துவிடும். கார்ல் வைலி 1951-இல் முன்வைத்த யோசனை இது.

கணக்கு இரண்டு கட்டமாக நடக்கிறது. ஒவ்வொரு துடிப்பின் எதிரொலியும் எண்களாலான ஓர் அட்டவணையில் ஒரு நிரை. நிரை நிரையாகச் செறிவாக்கினால் தொலைவு தெளிவாகும். பிறகு நிரல் நிரலாகச் செறிவாக்கினால் பயணத் திசை தெளிவாகும். முதல் கட்டத்தை, பல செயலிகள் ஒரே நேரத்தில் இயங்கும் இணைக்கணினியில் பங்கிடுவது எளிது. 64 செயலிகள் இருந்தால், ஆளுக்குச் சில நிரைகள். ஒன்றை ஒன்று கேட்க வேண்டியதில்லை. இரண்டாம் கட்டத்தில்தான் சிக்கல். ஒரு நிரலின் எண்கள் 64 செயலிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் மற்ற 63-க்கும் ஒரு துண்டை அனுப்பியாக வேண்டும்: மொத்தம் 4,032 அனுப்புதல்கள். பத்தாம் வகுப்பில் போட்ட நிரை நிரல் மாற்று அணிதான், கோடிக்கணக்கான எண்களோடு.

செயலிகளை 128 ஆக்கினால் கூட்டல் பெருக்கல் பாதி நேரத்தில் முடியும். அனுப்புதல்களோ 16,256 ஆகிவிடும். துண்டுகள் சிறுத்துப்போய், ஒவ்வொன்றையும் அனுப்பத் தொடங்கும் தாமதமே நேரத்தைத் தின்னும். ஒரு துண்டு போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்ததைக் கணக்கிட்டு, இந்தத் தாமதத்தைப் பொறியாளர்கள் ஓரளவு மறைக்கிறார்கள்.

ஒரு செயலிக்கு ஒரு முழுப் படம் என்று பங்கிட்டால் இந்தப் பரிமாற்றமே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு படமும் தாமதமாகத்தான் வெளிவரும். வரைபடக் காப்பகத்துக்கு அது போதும். கடலில் எண்ணெய்க் கசிவைத் தேடிப் பறக்கும் விமானத்துக்கு ஆகாது. அதனால்தான் நிகழ்நேர ரேடாருக்குக் கணினி தேர்ந்தெடுப்பவர், செயலியின் வேகத்தோடு அவற்றை இணைக்கும் வலையின் வேகத்தையும் கறாராகக் கேட்கிறார்.